குளவிப்பாறைக்குக் கீழே ஒரு மாவு வட்டம்

ஜெயந்தினி பயந்தாங்கொள்ளி. இதை நான் புறம் பேசிச் சொல்லவில்லை, அவளே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். ஹாலி எல வளைவில் பஸ் ஒரு பக்கம் சரிந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டாள். மழை விடாமல் பெய்தால், லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டை நினைத்து அவளுக்குச் சோறு இறங்காது. பதுளை பஸாரில் என் தையல் கடைக்கு அடுத்த கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. கண் டொக்டர் வாரத்தில் ஒரு நாள் வருவார். மற்ற நாட்களில் பிரேம் எடுத்துக் காட்டுவது, துடைப்பது, பில் போடுவது எல்லாம் அவள்தான். எங்காவது பட்டாசு வெடித்தால் முதலில் என் கடைக்குத்தான் ஓடிவருவாள். "ராத்தா, என்னாங்க அது?" என்பாள். அக்காவுக்கு எங்கள் முஸ்லிம் வீடுகளில் ராத்தா என்று பெயர். "கலியாண வீடு, புள்ள. ஒன்ட உசுரு எங்கேயும் போகல்ல" என்று நான் சொன்ன பிறகுதான் திரும்பிப் போவாள்.

அவளுடைய பயங்களுக்கெல்லாம் தலையான பயம், அம்மா பாக்கியலெட்சுமியைப் பற்றியது. ஸ்பிரிங்வெளிப் பக்கம், பெரிய ரோட்டை விட்டு மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டத்தின் சின்ன டிவிசன் ஒன்றில் தாயும் மகளும் லயத்துக் காம்பரா ஒன்றில் இருக்கிறார்கள். அப்பா இல்லை. அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாள். போன மாசியில், மரம் வெட்ட ஏறிய ஒருவன் இலைக்குள் மறைந்திருந்த குளவிக்கூட்டைத் தெரியாமல் தட்டிவிட்டான். கீழே தேயிலை நிரையில் நின்ற பெண்களைக் குளவி கொட்டித் தள்ளிவிட்டது. மற்றவர்கள் வீங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். பாக்கியலெட்சுமிக்கு மூச்சு நின்று, திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது டொக்டர் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவின் உடம்புக்குக் குளவி விஷம் ஒத்துக்கொள்ளாது. இனி ஒன்றே ஒன்று கொட்டினாலும் இங்கே கொண்டுவந்து சேர்க்க நேரம் இருக்காது" என்று சொல்லி அனுப்பினார்.

மகள் அழுதுகொண்டு என் கடைக்கு வந்தாள். அம்மாவோ உடம்பு தேறியதும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். "வீட்டுல ஒக்காந்தா குளவிக்குப் பதிலா பசி கொட்டும்" என்றாளாம். "எங்கம்மாவுக்குப் பயம்னா என்னான்னே தெரியாதுங்க ராத்தா. நான் யாரக் கொண்டு பொறந்தேனோ" என்று ஜெயந்தினி அடிக்கடி சொல்லுவாள்.

இப்படிப்பட்டவளை ஓட்டக் கூட்டத்தில் சேர்த்துவிட்டது நான்தான். எனக்குச் சீனி வருத்தம். நடக்கச் சொன்னார்கள். தனியாக நடக்கச் சலிப்பாக இருந்ததால், மாதத்தில் ஒரு ஞாயிறு பின்நேரம் காடு மேடெல்லாம் ஓடும் பதுளைக் கூட்டம் ஒன்றில் சேர்ந்தேன். துணைக்கு அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். நான் கடைசியில் அசைந்து அசைந்து வருவேன். அவள் முதல் நாளே முன்னால் போய்விட்டாள். பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிக்கத் தினமும் மலையிறங்கி ஓடிய கால் அது. அதோடு, பயந்தவளை விட யார் வேகமாக ஓடப் போகிறார்கள்?

எங்கள் கூட்டத்தின் விளையாட்டு இதுதான். ஒவ்வொரு மாதமும் ஒருவர் முயல். முயல் முந்திய நாளே போய், வழி நெடுகக் கோதுமை மாவால் அடையாளம் வைத்துவிட்டு வர வேண்டும். மற்றவர்கள் அந்த மாவைத் தேடித் தேடி ஓட வேண்டும். வெள்ளைக்காரன் விளையாட்டில் விரட்டுகிறவர்களுக்கு நாய் என்று பெயராம். எங்களிடம் அந்தப் பேச்சை எடுத்தால் அடிதான் விழும், ஆகவே நாங்கள் வெறும் ஓட்டக்காரர். ஒரு கைப்பிடி மாவு கிடந்தால் வழி சரி. வட்டம் கிடந்தால் வழி இங்கே பிரிகிறது, நாலா பக்கமும் தேடு. குறுக்கே இரண்டு கோடு கிடந்தால் நீ ஏமாந்துவிட்டாய், திரும்பு. மாவைக் கண்டவன் பின்னால் வருகிறவர்களுக்காக "ஓன்! ஓன்!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். வட்டத்தில் எல்லோரும் கூடி நின்று கத்துவார்கள். அங்கே பாறூக் நானா கொம்பும் ஊதுவார்.

பாறூக் நானா பலசரக்கு மொத்த வியாபாரி. வண்டு விழுந்த மாவையெல்லாம் கூட்டத்துக்குத் தானம் செய்கிறவர் அவர்தான். ஒரு தோட்டத்து பங்களாச் சாமான்கள் ஏலம் போனபோது வாங்கிய பித்தளைக் கொம்பு ஒன்று அவரிடம் இருக்கிறது. அதை ஊதுவதற்காகவே ஓட வருகிறார் என்று சொல்ல வேண்டும். ஓட்டம் என்பதும் பெயருக்குத்தான். ஏதாவது வண்டியில் தொற்றிக்கொண்டு குறுக்கால் போய், எல்லோருக்கும் முன்னே வட்டத்தில் நின்று கொம்பு ஊதி, "எங்கட வயசுல நீங்கெல்லாம் நடக்கவே மாட்டீங்க" என்று பீற்றிக்கொள்வார்.

இன்னொரு சட்டமும் இருந்தது. முயல் வாய் பொய், மாவு மெய். முயலாக இருப்பவர் என்ன சொன்னாலும் நம்பக் கூடாது, எங்களை வழிதப்ப வைப்பதுதான் அவர் வேலை. முந்திய மாதம் முயலாக இருந்த றினாஸ் "பாம்பு, பாம்பு!" என்று அலறி எங்களையெல்லாம் ஒரு மிளகாய்த் தோட்டத்துக்குள் விரட்டிவிட்டு, வேலியில் சாய்ந்து நின்று சிரித்தான். படுபாவி, பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை.

அதற்கு அடுத்த மாதம் ஜெயந்தினியின் முறை வந்தது. மறுக்கவும் பயம், ஒப்புக்கொள்ளவும் பயம். கடைசியில், தெரியாத காட்டில் அலைவதை விடத் தன் டிவிசனிலேயே வழி வைக்கிறேன் என்றாள். தோட்டத்து ஒபிசில் கேட்டாள். கொழுந்தை மிதிக்காமல் ஓடுங்கள் என்று விட்டார்கள். இரண்டு கிழமை கடையில் வேலை இல்லாத நேரமெல்லாம் போனில் மலையின் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ராத்தா, இந்த எடத்துல மூணு வழி பிரியுது. இங்க வட்டம் போட்டேன்னா றினாஸ் மண்டையப் போட்டு ஒடச்சிக்குவான்" என்று விரலால் காட்டினாள். அவள் முகத்தில் பயமில்லாமல் ஒரு சிரிப்பை நான் அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை மாவுப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் மலையேறினாள். லயம் வரை நானும் போனேன். என் முழங்கால் அதற்கு மேல் மாட்டேன் என்றதால், அவள் அம்மாவோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். அவள் போன வழியை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அந்த மலையில் ஒரு பாறை முன்னுக்குத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதன் அடியில் சுளகு சுளகாகக் குளவிக்கூடு தொங்குகிறது. இன்று நேற்று வந்ததல்ல, தோட்டத்துக்காரர்களுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. அதற்குக் கீழேதான் பாதை. இந்தப் பக்கம் தண்ணீர்ப் பீலி, அந்தப் பக்கம் ஒற்றைச் சவுக்கு மரம், இரண்டுக்கும் நடுவில் யாரும் பேச மாட்டார்கள். பீலிக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பார்கள், சவுக்கு மரத்தடியில் போட்டுக்கொள்வார்கள். அழுகிற பிள்ளையின் வாயில் மார்பைக் கொடுத்துக்கொண்டு போவார்கள். கோயில் திருவிழாவில் சாமி வரும்போது தப்பு மேளம் பீலியடியில் நின்றுவிடும். சாவு வீட்டு ஒப்பாரியும் அங்கே நிற்கும், பிணம் மட்டும் சத்தமில்லாமல் போகும், சவுக்கு மரத்துக்குப் பிறகு அழுகை மறுபடி ஆரம்பிக்கும். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே அதுவும் பழகிவிடுகிறது.

ஜெயந்தினிக்குத் தெரியாத குளவி என்றால்தான் பயம். இந்தக் குளவி அடுத்த வீட்டுக்காரர் மாதிரி. சனிக்கிழமை பீலிக்கு வந்தாள், செருப்பைக் கழற்றினாள், பாறைக்குக் கீழே மூன்று வழி பிரியும் இடத்தில் மாவால் அழகாக ஒரு வட்டம் போட்டாள், சவுக்கு மரத்தடியில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். செருப்பைக் கழற்றியதே அவளுக்கு நினைவில்லை. பள்ளிவாசல் படியில் நாம் யோசித்தா கழற்றுகிறோம்? ஊரெல்லாம் வாயை மூடும் இடத்தில், கூட்டமாக நின்று கத்தும் வட்டத்தைப் போட்டுவிட்டோமே என்பது அந்தப் பெண்ணின் புத்தியில் ஏறவே இல்லை.

ஞாயிறு பின்நேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தடியில் கூடினோம். நல்ல வெயில். எல்லோரும் ஜெயந்தினியைச் சீண்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓட்டம் தொடங்கப் பாறூக் நானா கொம்பை வாயில் வைத்து ஒரு ஊது ஊதினார்.

சத்தம் போய், எங்கேயோ மோதித் திரும்பி வந்தது.

எல்லோரும் "ஆ!" என்று ரசித்தார்கள். ஜெயந்தினி மட்டும் திரும்பி மேலே பார்த்தாள். சத்தம் திரும்பி வந்தது குளவிப்பாறையிலிருந்து. பிறந்து வளர்ந்த மலையில் அந்தப் பாறை குரல் கொடுத்து அவள் கேட்டதே இல்லை. யார் அங்கே சத்தம் போட்டார்கள், அது திருப்பிக் கொடுக்க? அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததை நான் பார்த்தேன்.

"நில்லுங்க!" என்று கத்தினாள். "அந்தப் பக்கம் போகாதீங்க! குளவி இருக்குங்க! பெரிய கூடு!"

ஓட்டக்காரர்கள் ஏற்கெனவே முதல் மாவைக் கண்டுவிட்டார்கள். றினாஸ் திரும்பிப் பார்த்துப் பல்லை இளித்தான். "பாம்பு நான் சென்னேன், குளவி நீ செல்றியா? நல்லா ஈக்கு!" என்றான். "முயல் வாய்?" என்று ஒருவன் கத்த, "பொய்!" என்று எல்லோரும் திருப்பிக் கத்தினார்கள். அவள் அழ அழ அவர்களுக்குச் சிரிப்பு. இவ்வளவு நன்றாக நடிக்கும் முயலை நாங்கள் கண்டதில்லை என்று பாராட்டு வேறு. கைதட்டிக்கொண்டே தேயிலைக்குள் மறைந்துவிட்டார்கள்.

எனக்கும் வாய் சிரிப்புக்குத்தான் கோணியது. ஆனால் அவள் வந்து என் கையைப் பிடித்தாள். அந்த வெயிலில் அவள் கை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. நடிக்கிறவளுக்கு உள்ளங்கை குளிராது.

"ராத்தா, வட்டத்த பாறைக்கு அடியில போட்டுட்டேன். அங்க போயி கத்துவாங்க. எல்லாரும் செத்துருவாங்க ராத்தா."

"ஒன்ட வாயால சென்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றேன். "மாவால செல்லு. குறுக்கால ஓடிப் போய்க் கோட்டப் போடு."

"மாவு முடிஞ்சிருச்சு."

மிச்ச மாவு பாறூக் நானாவின் வேனில் இருந்தது. வேன் பூட்டியிருந்தது. சாவி பாறூக் நானாவின் சட்டைப்பையில். பாறூக் நானாவைத் தேடினால் ஆளைக் காணோம். கொழுந்து ஏற்றப் போன டிரக்டரில் தொற்றிக்கொண்டு போனார் என்று மடுவத்தில் நின்றவர் சொன்னார். அவருக்கு அடித்த போனும் போகவில்லை. அந்தப் பக்கத்தில் சிக்னல் கிடைத்தால்தான் அதிசயம்.

"வீட்டுல ரொட்டி மாவு இருக்கு" என்றாள் ஜெயந்தினி. அப்புறம் அவள் ஓடிய ஓட்டத்தை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். இனி வருவது அவளும் அவள் அம்மாவும் சொல்லித் தெரிந்தது.

லயத்தில் காம்பரா பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மா ஏன் வீட்டில் இல்லை? நிலைக்கு மேல் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். அவசரத்தில் சாவி பூட்டுக்குள் போகவில்லை. பக்கத்துக் காம்பராக்காரி புவனேஸ்வரி தலையை நீட்டினாள்.

"அம்மா எங்கக்கா?"

"கைக்காசுக்குப் போயிருக்கு. காலையில திடீர்னு பேரு கூப்பிட்டாங்க. பதினாலாம் நம்பர் மலை."

கைக்காசு என்பது லீவு நாளில் கிலோக் கணக்குக்குக் கொழுந்து எடுப்பது. ஓட்டக்காரர்களை வரவேற்க ஜெயந்தினி விடிந்ததும் டவுனுக்கு இறங்கிவிட்டதால் அவளுக்கு அது தெரியாது. பதினாலாம் நம்பர் மலை, குளவிப்பாறைக்கு நேர் கீழே.

ஜெயந்தினி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். இனி ஒன்றே ஒன்று கொட்டினாலும் என்று டொக்டர் சொன்னது காதுக்குள் கேட்டது. தூரத்தில் "ஓன்! ஓன்!" கேட்டது. அவர்கள் இரண்டாவது வட்டத்தைத் தாண்டிவிட்டார்கள். புவனேஸ்வரிதான் பூட்டைத் திறந்துவிட்டாள். ஜெயந்தினி மாவு டின்னை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாதையை விட்டுத் தேயிலைக்குள் நேரே ஏறினாள். கவ்வாத்து வெட்டிய குச்சிகள் காலைக் கிழித்தன. அட்டை ஏறியது. அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. முருகா, அம்மாவ மட்டும் விட்டுரு, மத்ததெல்லாம் எடுத்துக்க என்று வேண்டிக்கொண்டே ஓடினாளாம். எல்லாம் என்று கொடுக்க அவளிடம் என்னதான் இருந்தது?

பீலியடிக்கு வந்து சேர்ந்தபோது ஓட்டக்காரர்களின் சத்தம் கீழ் வளைவில் கேட்டது. பாதைக்குக் குறுக்கே இரண்டு கோடு போட்டாள். பள்ளிக்கூடத்துக்கு இறங்கும் பக்கம் மூன்று கைப்பிடி மாவை அள்ளிப் போட்டாள். தேயிலைச் செடிக்குள் குந்திக்கொண்டாள்.

றினாஸ்தான் முதலில் வந்தான். கோட்டைப் பார்த்தான். "சீச்சீ, ஏமாந்துட்டோம், கீழ போங்கடா" என்றான். ஒரு கேள்வி இல்லை, ஒரு சந்தேகம் இல்லை. ஓட்டம் முழுவதும் பள்ளிக்கூடத்தைப் பார்த்து இறங்கிப் போனது. ஒரு மனுஷி அழுது சொன்னதைக் கேட்காத கூட்டம், இரண்டு கோடு மாவுக்கு இப்படிக் கீழ்ப்படிந்தது. நாங்கள் படித்தவர்கள், நாலு பாஷை பேசுகிறவர்கள். எங்களைச் செருப்பால் அடிக்க வேண்டாமா?

ஜெயந்தினி மூச்சு விட்டாள். எழுந்து, பாறைப் பக்கம் பார்த்தாள்.

வட்டத்துக்குள் பாறூக் நானா நின்றுகொண்டிருந்தார்.

டிரக்டரில் மேல் ரோட்டுக்குப் போய், சவுக்கு மரப் பக்கமாக இறங்கி வந்திருக்கிறார். மாவு வட்டத்தைக் கண்டதும் அவருக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். கொம்பின் ஊதும் முனையைச் சட்டையில் தேய்த்தார். அவருக்குக் கீழே நிரைகளில் பெண்கள் கூடையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். எல்லா முகங்களும் அவரைப் பார்த்தன. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை, திறக்க முடியாது. அந்த முகங்களில் ஒன்று அம்மாவுடையது.

ஜெயந்தினி செருப்பை உதறிவிட்டு நடந்தாள். ஓடவும் கூடாது, கத்தவும் கூடாது. பாறூக் நானா அவளைக் கண்டுவிட்டார். முயல் தன்னை ஏமாற்ற வருகிறது என்று நினைத்துக் கையாட்டினார். அவள் உதட்டில் விரலை வைத்தாள். அவரும் விளையாட்டாக உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவள் இரண்டு கையையும் கூப்பினாள். அவர் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுக் கொம்பைத் தூக்கினார். கன்னம் இரண்டும் உப்பின. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்தால், அம்மா பாதையில் நிற்கிறாள். எப்போது ஏறினாள், எப்படி ஏறினாள் என்று தெரியவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை உருவிக் கொம்பின் அகன்ற வாய்க்குள் திணித்திருந்தாள். புஸ் என்று காற்றுத்தான் வந்தது. பாறூக் நானா கோபத்தில் "ஏய்..." என்று வாயைத் திறக்கப் போனார். அம்மா அந்த வாயைத் தன் கையால் பொத்தினாள். கொழுந்துக் கறை ஏறிய கை, டவுன் முதலாளியின் வாயை. மற்றக் கையால் மேலே காட்டினாள்.

பாறூக் நானா மேலே பார்த்தார். கூடு முழுக்க ஒரு நெளிவு ஓடியது. அவர் கண் அப்படியே நிலைகுத்திவிட்டது.

எதனால் கிளம்பினவோ, அவர் போட்டிருந்த சென்ட் வாசமோ, வியர்வையோ, நாலைந்து குளவிகள் கீழே இறங்கி அவர்கள் தலையைச் சுற்றின. ஒன்று வந்து அம்மாவின் கையில் உட்கார்ந்தது. பாறூக் நானாவின் வாயைப் பொத்தியிருந்த அதே கையில்.

ஜெயந்தினி நாலு எட்டுத் தூரத்தில்தான் நின்றாள். அவளுக்குக் குளவியின் கால்கள் தெரிந்தன. அம்மா கையை எடுத்தால் அது கொட்டும். பாறூக் நானா மூச்சை வேகமாக விட்டாலும் கொட்டும். அவர் மூச்சை அடக்கிக்கொண்டார். முகம் சிவந்து, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. குளவி ஆள்காட்டி விரலில் ஏறியது. நின்றது. கொழுந்துச் சாற்றை நக்குகிற மாதிரி அங்கேயே தடவிக்கொண்டிருந்தது. அடுத்த விரலுக்குப் போனது. அம்மாவின் முகம் கல் மாதிரி இருந்தது, கண் இமைக்கவில்லை. ஜெயந்தினி தன் வாய்க்குள் தன் சட்டை நுனியை அடைத்துக்கொண்டு நின்றாள். கத்திவிடுவோமோ என்று அவளுக்கு அவள்மேலேயே பயம்.

குளவி பறந்துபோனது. மற்றவையும் மேலே ஏறிக் கூட்டோடு ஒட்டிக்கொண்டன.

அம்மா பாறூக் நானாவின் கையைப் பிடித்து, சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போவது போலப் பீலியடிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அங்கே வந்ததும் அவர் தரையில் உட்கார்ந்து, பீலித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டே "அல்லாஹ், அல்லாஹ்" என்றார். அம்மா அங்கே நிற்கவில்லை. நிரையில் அவள் கூடை கிடந்தது. திரும்பிப் போய்விட்டாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் வழக்கப்படி விசாரணை நடந்தது. ஓட்டம் தொடங்கிய பிறகு மாவைத் திருத்துவது எங்கள் கூட்டத்தில் பெரிய குற்றம். ஜெயந்தினியைக் கவிழ்த்த பெட்டிமேல் ஏற்றி, ஒரு ஜக் ஜிஞ்சர் பியரைக் கையில் கொடுத்து, ஒரே மூச்சில் குடி என்றார்கள். அவள் நடந்ததைச் சொல்ல முயன்றாள். "முயல் வாய்?" என்று றினாஸ் எடுத்துக்கொடுத்தான். "பொய்!" என்று கூட்டம் கத்தியது. தண்டனைக்குக் கொம்பு ஊத வேண்டும் என்று எல்லோரும் பாறூக் நானாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பாறூக் நானா கொம்பை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அதன் வாயில் பழைய துணி ஒன்று அடைத்திருந்தது. றினாஸ் அதை உருவப் போனான்.

"தொடாதே" என்றார். அவர் அப்படி ஒரு குரலில் பேசி நாங்கள் கேட்டதில்லை. "அந்தப் புள்ள செல்றது எல்லாம் உண்ம. நீங்க இப்ப மய்யித்தா கெடந்திருப்பீங்க." சொல்லிவிட்டு அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் அழுவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது? ஜெயந்தினியைப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டோம்.

வெயில் தாழ, நானும் அவளும் துணியையும் காலி டின்னையும் எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனோம். பாக்கியலெட்சுமி குளித்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். டின்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"மாவ எல்லாம் அள்ளி ரோட்டுல கொட்டிட்டு வந்துட்டியா? ராவைக்கு ரொட்டிக்கு என்னாடி செய்யிறது? ஒனக்கு அறிவிருக்கா? அந்தப் பாறைக்கு அடியில கத்துறதுக்கு ஆள் கூட்டிக்கிட்டு வருவாளா ஒருத்தி?"

ஜெயந்தினி வாங்கிக் கட்டிக்கொண்டாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, குளவி நடந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எப்படிம்மா நின்ன? ஒனக்குப் பயமே இல்லையா?"

"பயம் இல்லையாவா?" பாக்கியலெட்சுமி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அது வெரல்ல ஏறுனப்ப நின்ன நெலையிலேயே மூத்திரம் போயிருச்சுடி. இடுப்புல படங்குச் சாக்கு கட்டியிருந்ததுனால யாருக்கும் தெரியல."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்தநாளா அப்படித்தான்" என்றாள் பாக்கியலெட்சுமி. "நெரையில எறங்குறப்ப எல்லாம் கை நடுங்கும். ஒவ்வொரு செடியா இலைய வெலக்கிப் பாத்துத்தான் கைய வைப்பேன். ஒங்கிட்ட சொன்னா நீ வேலைக்குப் போக மாட்ட, அழுதுகிட்டு இங்கேயே ஒக்காந்திருப்ப."

இருட்டத் தொடங்கியிருந்தது. பக்கத்துக் காம்பராவிலிருந்து புவனேஸ்வரி ஒரு சுண்டு மாவு கொண்டுவந்து கொடுத்தாள். பாக்கியலெட்சுமி அதை வாங்கிக்கொண்டு எழுந்தாள். மகள் கையை விடவில்லை.

"விடு, ரொட்டி சுடணும்" என்றாள். "காலையில நேரத்தோட போகணும். நாளைக்கும் பதினாலாம் நம்பர்தான்."